கல் வைத்த கலிங்கு

காலை ஐந்து மணி நாற்பது நிமிஷத்துக்குச் சாமல்பட்டி ஸ்டேஷனில் இறங்கினேன். முதலில் கண்ணில் பட்டது பிளாட்பாரத்தில் மல்லாந்து கிடந்த ஓர் இரும்புப் பலகை. ஆள் உயரம் இருக்கும். அதன் தலையில் ஒரு நீண்ட திருகு கம்பி. பலகையின் மேல் ஓர் ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ஆட்டை விரட்டியவர்தான் என்னை அழைத்துப்போக வந்தவர். ஓவர்சியர் தேவசகாயம், கிருஷ்ணகிரிக்காரர். காக்கி அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக, இரவெல்லாம் தூங்காத முகத்தோடு சிரித்தார்.

"பத்திரிகை சார்தானே? உங்க ரெண்டு பேரையும் ஒரே லாரியில ஏத்திடலாம்னு வந்தேன்."

இன்னொருவர் யார் என்று திரும்பிப் பார்த்தேன். இரும்புப் பலகையைக் காட்டினார்.

"மதகுக் கதவு சார். ஏரித் தண்ணிய வயலுக்குத் தெறக்கறதுக்கும் மூடறதுக்கும். மெட்ராஸ்லேர்ந்து வந்து ஒரு வாரமா இங்கியே கெடக்குது. ஸ்டேஷன் மாஸ்டர் என்னைத் திட்டாத நாளில்லை."

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் பெண்ணையாற்றின் குறுக்கே அரசாங்கம் கட்டிக்கொண்டிருந்த பெரிய அணையைப் பற்றி எழுதத்தான் என் பத்திரிகை என்னை அனுப்பியிருந்தது. தேவசகாயத்துக்கு அந்த அணையோடு சம்பந்தமில்லை. சூளகிரிக்கு அப்பால் ஓர் உடைந்த ஏரி அவர் பொறுப்பில் இருந்தது. அதைச் செப்பனிட அரசாங்கம் பாதிப் பணம் கொடுக்கும். மீதிப் பாதியை ஊர்க்காரர்கள் மண் சுமந்து ஈடுகட்ட வேண்டும். ஏரிக்குக் கீழே ஓர் ஊர், மேலே ஓர் ஊர். இரண்டு ஊரும் சம்மதித்துக் கையெழுத்திட்டு, மார்ச் முடிவதற்குள் வேலை ஆரம்பமாக வேண்டும். இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும்.

"பெரிய அணை எங்கியும் ஓடிப் போயிராது சார். எனக்கு ரெண்டு மூணு நாள் குடுங்க. மேலூர்ல ஒரு ஆளு கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. வெளியூர்க்காரர் வந்து நின்னா ஒருவேளை பேசுவாரு."

எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன். "எண்ணாதீங்க சார், நான் எண்ணறதையே விட்டுட்டேன்" என்றார்.

போச்சம்பள்ளியில் லாரியின் டயர் வெடித்தது. அன்று அங்கே சந்தை. சக்கரம் மாற்றுவதற்காகக் கதவை இறக்கிப் புளியமரத்தடியில் வைத்தோம். நாங்கள் தேநீர் குடித்துத் திரும்புவதற்குள் ஒரு பெண்மணி அதன் மேல் புளியை உருண்டை உருண்டையாக அடுக்கி வியாபாரத்தை ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, அது கவர்மெண்டு கதவு" என்றார் டிரைவர்.

"கவர்மெண்டு வந்து கேட்டா எந்திரிக்கிறேன், போ. மண்ணுல கொட்டுனா புளியில கல்லு ஏறுது. இந்த மாதிரி ஒரு பலவை எந்தச் சந்தையில இருக்குது?"

சக்கரம் மாட்டி முடிகிற வரையில் அவர் நகரவில்லை. நாங்கள் கதவைத் தூக்கியபோது ஓர் உருண்டைப் புளியை டிரைவர் கையில் திணித்தார். "வாடகை" என்றார்.

காவேரிப்பட்டினத்தில் மத்தியானச் சாப்பாடு. ஓட்டல் சுவரில், உட்கார்ந்திருப்பவரின் தலைக்குச் சற்று மேலே, காவியால் ஒரு கோடு இழுத்திருந்தது. பெண்ணை பெருகி வந்தபோது தண்ணீர் ஏறிய அளவு அது என்றார் முதலாளி. கோட்டுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு ஏதாவது சலுகை உண்டா என்று டிரைவர் விசாரித்தார். "உண்டு. ரசம் ரெண்டாவது தடவை" என்று பதில் வந்தது. சொன்னபடியே ஊற்றினார்கள்.

அந்த ஆற்றைப் பாலத்திலிருந்து பார்த்தேன். மணல்தான். நடுவில் நாலைந்து பெண்கள் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டுகொண்டிருந்தார்கள். நான் பிறந்தது கும்பகோணத்துப் பக்கம். எங்கள் ஊரில் தண்ணீர் வரும், போகும். யார் அனுப்பினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இங்கே பெய்கிற மழை மூன்று நாளில் கடந்துபோய்விடும். நிறுத்திவைத்தால்தான் தண்ணீர். நிறுத்துவதற்கு ஒரு கரை வேண்டும், கரையைக் காக்க ஓர் ஊர் வேண்டும்.

மறுநாள் காலையில் பெரிய அணையைப் பார்த்தேன். கல் உடைக்கும் ஓசை வெகு தூரத்திலேயே கேட்டது. ஆயிரக்கணக்கான ஆட்கள், வரிசையாகக் கூடைகள், ஒலிபெருக்கியில் யாரையோ பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தார்கள். எழுத வேண்டியதையெல்லாம் குறித்துக்கொண்டேன். திரும்பும்போது தேவசகாயம், கல் சுமந்துபோன சிலரை நிறுத்தித் தெலுங்கில் நலம் விசாரித்தார். "கீழூர்க்காரங்க. வயல் மணல் மூடிக் கெடக்குது. அதான் இங்க வந்துட்டாங்க" என்றார்.

ஊர்களின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் நானும் கீழூர், மேலூர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

சூளகிரியிலிருந்து கதவும் நாங்களும் மாட்டுவண்டியில் போனோம். வண்டிக்காரர் மாடுகளைக் கன்னடத்தில் அதட்டினார், எதிரே வந்த மனைவியோடு தெலுங்கில் பேசினார், எங்களுக்குத் தமிழில் வழி சொன்னார். "கோபம் வந்தா மூணும் ஒண்ணா வரும் சார், பயப்படாதீங்க" என்றார் தேவசகாயம். சிறிது தூரத்தில் அச்சாணி கழன்றது. மூன்றும் வந்தன.

ஏரி வறண்டிருந்தது. கரையின் ஓர் ஓரத்தில் கலிங்கு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கற்சுவர். இந்தப் பக்கத்தில் அதைக் கோடி என்கிறார்கள். அதை ஒட்டிக் கரை பிளந்து, யானை போகிற அளவுக்கு ஒரு திறப்பு. திறப்புக்குக் கீழே வயல் இருந்த இடமெல்லாம் வெள்ளை மணல்.

கலிங்குச் சுவரின் மேல் முழங்கால் உயரக் கற்களை ஒரு வரிசையாக நட்டிருந்தார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி. மழைக்காலத்தில் வெள்ளம் அந்த இடைவெளிகளில் புகுந்து வெளியே போய்விடும். மழை ஓய்ந்ததும் இடைவெளிகளை மண்ணும் வைக்கோலும் கொண்டு அடைத்துவிடுவார்கள். ஏரியில் முழங்கால் அளவு தண்ணீர் கூடுதலாக நிற்கும். அந்த முழங்கால் தண்ணீரில்தான் கீழூரின் நெல் கதிர் முற்றுகிறது. ஆனால் அதே தண்ணீர் பின்னுக்குப் பரவி மேலூர்க்காரர்களின் கேழ்வரகு நிலத்தில் ஏறும்.

அதனால் ஒரு வழக்கம். மேலூரில் பிறந்து கீழூரில் வாழ்க்கைப்பட்ட பெண் ஒருத்தி போய், ஏரியின் பின்னோரம் நிலம் வைத்திருக்கும் மேலூர்க்காரரை அழைப்பாள். அவர் வந்து முதல் கூடை மண்ணைக் கற்களுக்கு நடுவே கொட்டுவார். அதன் பிறகே கீழூர்க்காரர்கள் மண்வெட்டியைத் தொடலாம். நெல் அறுத்ததும் அவர் வீட்டுக்கு ஒரு பங்கு போகும்.

இரண்டு வருஷத்துக்கு முன் கார்த்திகையில் யாரும் போய் அழைக்கவில்லை. கீழூர்க்காரர்கள் காத்திருந்து பார்த்தார்கள். பயிர் வாடத் தொடங்கியதும் தாங்களே அடைத்துவிட்டார்கள். ஓய்ந்துவிட்டதென்று நினைத்த மழை திரும்பி வந்தது. முதலில் மேலூரின் கேழ்வரகு மூழ்கியது. பிறகு கரை உடைந்து கீழூரின் நெல் போயிற்று.

அழைத்திருக்க வேண்டியவர் ராஜம்மா. அழைக்கப்பட வேண்டியவர் வெங்கடப்பா, அவருடைய அண்ணன். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. கையெழுத்துப் போட மறுப்பவரும் வெங்கடப்பாதான்.

ராஜம்மாவின் வீட்டில் எங்களுக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் போட்டார்கள். நான் களியை மென்றேன்.

"மெல்லாதீங்க சாமி. பல்லுல ஒட்டிக்கிட்டா பொழுதுக்கும் அங்கியே இருக்கும். கடைசல்ல தொட்டு முழுங்குங்க" என்றார் ராஜம்மா. நாற்பது வயதிருக்கும். நிமிர்ந்த உடம்பு, வேகமான பேச்சு.

அந்த வருஷம் ஏன் போய் அழைக்கவில்லை என்று கேட்டேன். பத்திரிகைக்காரன் கேள்வியைச் சுற்றி வளைக்கக் கூடாது என்பது என் பழக்கம்.

"ஊரே கூடி நின்னு கேட்டுச்சு. வாயத் தெறக்கல. உங்களுக்குச் சொல்லிடுவேனா?" என்று சிரித்துவிட்டு, இன்னொரு உருண்டைக் களியை என் தட்டில் போட்டார். அது பேச்சை நிறுத்துவதற்கான களி என்பது போடப்பட்ட விதத்திலேயே தெரிந்தது.

சாயங்காலம் மேலூருக்குப் போனோம். வெங்கடப்பா வேர்க்கடலையும் வெல்லமும் கொடுத்து உட்கார வைத்தார். தேவசகாயம் கட்டிலில் வரைபடத்தை விரித்தார். ஊர் நன்மைக்காக அவர் மிகவும் யோசித்துப் போட்ட படம் அது. புதிய கலிங்கு, தட்டையான தலை, கற்களே கிடையாது.

"பாருங்க கவுண்டரே. கல்லு இருந்தாத்தானே அடைப்பாங்க, அடைச்சாத்தானே ஒடையும்? கல்லையே எடுத்துட்டேன். இனிமே உங்க நெலத்துல ஒரு சொட்டுத் தண்ணி ஏறாது. இதுக்குமேல என்ன வேணும் உங்களுக்கு?"

வெங்கடப்பா வரைபடத்தை வெகு நேரம் பார்த்தார். விரலால் கலிங்கின் தலையைத் தடவினார்.

"கல்லு இல்லீங்களா?"

"இல்லை."

"அப்பறம் கார்த்திகையில என்னை யாரு வந்து கூப்பிடுவாங்க?"

தேவசகாயம் என்னைப் பார்த்தார்.

"எங்கப்பன் போட்டாரு மொதக் கூடை. அவருக்கப்பறம் நான். நான் மண்ணு கொட்டாம கீழூர்ல ஒருத்தன் மம்முட்டி எடுக்க மாட்டான். ஒரு வருசம் கூப்பிடல. அது எங்க வீட்டு வழக்கு, தீரும் தீராம போகும். நீங்க என்னமோ நல்லது பண்றேன்னு ஒரேயடியா இல்லாமப் பண்றீங்களே ஓவர்சியரே."

"நெலம் முழுகறதப் பத்தித்தான் உங்களுக்குக் கவலைன்னு..."

"முழுகறது என் நெலம். அதைக் குடுக்கறது நானா இருக்கணுமில்ல?"

வரைபடத்தை அவரே சுருட்டிக் கொடுத்தார். வழிக்கு என்று என் ஜிப்பா பையில் வேர்க்கடலையைக் கொட்டினார்.

திரும்பி வரும்போது தேவசகாயம் வரைபடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பிறகு, "நாளைக்கு ஓசூர் போலாம் சார். பெரிய இன்ஜினியர் அங்க கேம்ப்ல இருக்காரு. படத்தை மாத்தணும்" என்றார்.

ஓசூரில் மார்ச் மாதக் காலையில் துண்டைப் போர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. சென்னையில் அதே நேரத்தில் என் வீட்டார் விசிறியோடு உட்கார்ந்திருப்பார்கள். இன்ஜினியர் வெளியே போயிருந்ததால் காத்திருக்க வேண்டியதாயிற்று. மைசூர் ராஜ்யத்துக் காப்பி குடிக்காமல் போகக் கூடாது என்று தேவசகாயம் என்னைப் பஸ்ஸில் அத்திப்பள்ளிக்கு அழைத்துப் போனார். எல்லைச் சாவடி வரையில் "இறங்குங்க, ஏறுங்க" என்று கத்திவந்த கண்டக்டர், சாவடியைத் தாண்டியதும் அதே சுருதியில் கன்னடத்துக்கு மாறினார். பயணிகள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. காப்பி நன்றாக இருந்தது. பால் ஓசூரிலிருந்து வருகிறதாம்.

இன்ஜினியர் பொறுமையாகக் கேட்டார். கல் வைப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். கலிங்கை இன்னும் நீளமாக்கி, கல்லின் உயரத்தைக் குறைத்தால் வெள்ளம் தாங்கும். அவருடைய கேள்வி வேறு.

"அவசரப்பட்டு அடைத்துத்தான் ஏரி உடைந்தது. மறுபடியும் அடைக்க மாட்டார்கள் என்பதற்கு யார் பொறுப்பு? இரண்டு ஊரும் எதிரெதிரே நின்று அதைச் சொல்லட்டும். சொன்னால் நான் கையெழுத்துப் போடுகிறேன்."

தேவசகாயம் அங்கேயே ஒரு மேஜையைப் பிடித்து, ரப்பர் தேயத் தேயப் படத்தைத் திருத்தினார். கற்களை ஒவ்வொன்றாக வரைந்தார்.

மறுநாள் காலையில் ஏரிக்கரையில் இரண்டு ஊரும் கூடின. உடைப்புக்கு அந்தப் பக்கம் மேலூர், இந்தப் பக்கம் கீழூர். நடுவில் இறங்கி ஏறினால் சேர்ந்துகொள்ளலாம், யாரும் இறங்கவில்லை. தேவசகாயம் உடைப்பின் அடியில் நின்று இருபுறமும் கத்தினார். எனக்குத் தெலுங்கு வராது. அவர் அவ்வப்போது சொன்னதைக் கொண்டு எழுதுகிறேன்.

கல் வைத்த கலிங்கு என்றதும் இரண்டு கரையிலும் தலைகள் ஆடின. யார் சொன்னால் அடைப்பது என்றதும் ஆட்டம் நின்றது.

கீழூர்ப் பெரியவர் ஒருவர், "நாங்கள் அவசரப்படவில்லை. காத்திருந்தோம். கூப்பிடப் போக வேண்டியவள் போகவில்லை, ஏனென்றும் சொல்லவில்லை" என்றார்.

எல்லோரும் ராஜம்மாவைப் பார்த்தார்கள். அவர் ஊரைப் பார்க்காமல் எதிர்க்கரையைப் பார்த்துப் பேசினார்.

"அண்ணன் வயலில் அப்போது கதிர் முற்றிக்கொண்டிருந்தது. பத்து நாள் பொறுத்தால் அறுத்துவிடலாம். நான் போய் வாசலில் நின்றால் என் அண்ணன் வயலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கூடையை எடுத்துவிடுவார். எனக்கு ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. அதனால் போகவில்லை. நான் கூப்பிடாமல் இருந்தால் ஊரும் அடைக்காமல் இருக்கும் என்று நினைத்தேன்."

கீழூரில் யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். பெரியவர் கையை உயர்த்தி அடக்கினார்.

"இதை என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே" என்றார் வெங்கடப்பா.

"சொன்னால்? கூடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்திருப்பாய்."

இரண்டு கரையிலும் சிரிப்பு எழுந்தது. வெங்கடப்பா சிரிக்கவில்லை. துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"நடந்திருப்பேன்" என்றார். பிறகு, "கேழ்வரகு அடுத்த வருஷம் வரும். நீ வரவில்லையே" என்றார்.

இதை மொழிபெயர்க்கும்போது தேவசகாயம் கண்ணைக் கசக்கினார். தூசி என்றார்.

முதலில் உடைப்பில் இறங்கியது ராஜம்மா. ஏறுவதற்கு எதிர்க்கரையிலிருந்து வெங்கடப்பா கை கொடுத்தார். இருவரும் பேசியது எனக்குக் கேட்கவில்லை. யாரும் மொழிபெயர்க்கவும் இல்லை.

தீர்மானம் சுருக்கமாக முடிந்தது. ராஜம்மா போய் அழைத்த பிறகே அடைப்பது; எப்போது அழைப்பது என்பது அவர் பொறுப்பு. "அவங்க கூப்பிடவே போகலைன்னா?" என்று கீழூர் இளவட்டம் ஒருவர் தமிழில் கேட்டார். "நெல்லு காஞ்சா அவ வயித்துக்கும்தாண்டா கேடு, போவா" என்று பெரியவர் தமிழிலேயே பதில் சொன்னார்.

வெங்கடப்பா கையெழுத்துப் போட்டார். அன்றே வேலை ஆரம்பமானது. உடைப்பில் விழுந்த முதல் கூடை மண் அவருடையது. அவரைத் தொடர்ந்து இரண்டு ஊர்க்காரர்களும் கொட்டினார்கள். மதகுக் கதவின் மேல் உட்கார்ந்து நான் மிச்ச வேர்க்கடலையைத் தின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் வந்து எழுந்திருக்கச் சொன்னார். கூடைகளை வைக்க இடம் வேண்டுமாம்.

பெரிய அணையைப் பற்றி நான் எழுதியது படத்தோடு வெளிவந்தது. ஏரியைப் பற்றிய பத்தியை இடமில்லை என்று ஆசிரியர் எடுத்துவிட்டார்.

கார்த்திகையில் வேறு வேலையாகப் பெங்களூர் போய்த் திரும்பும்போது சூளகிரியில் இறங்கிக்கொண்டேன். தேவசகாயம் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். பாதி வழியில் சங்கிலி அறுந்தது, மீதியை நடந்தோம்.

உடைப்பு இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. கதவுக்குக் கறுப்பு வண்ணம் பூசி, திருகு கம்பிக்கு எண்ணெய் போட்டிருந்தார்கள். நீண்ட கலிங்கின் மேல் புதிய கற்கள் வரிசையாக நின்றன. அவற்றின் நடுவே தண்ணீர் மெல்லிய ஓசையோடு வெளியேறிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் மழை முன்னதாகவே நின்றுவிட்டது. இப்படி வெளியேறுகிற தண்ணீர் திரும்பி வராது, சீக்கிரம் அடைத்தாக வேண்டும் என்றார் தேவசகாயம். கீழூர் நெல் கதிர் விடும் நிலையில் இருந்தது.

வெங்கடப்பாவை வயலில் பார்த்தோம். கேழ்வரகுக் கதிர்கள் முற்றி வளைந்திருந்தன. அறுக்கவில்லை.

"ஆளு எங்கீங்க? இருக்கறவனெல்லாம் அணை வேலைக்குப் போயிட்டான். நானும் எம்பொண்டாட்டியும் அறுத்தா தை பொறந்துடும்" என்றார். ஏரியில் ஒரு கண், கரையில் ஒரு கண்ணாக நின்றார்.

"தங்கச்சி வந்தா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"என்ன சொல்லுவேன். வாம்மான்னு சொல்லுவேன்."

வெயில் ஏறுவதற்கு முன் கரைமேல் ராஜம்மா தெரிந்தார். இடுப்பில் ஒரு கூடை. அவருக்குப் பின்னால் கீழூரின் ஆண்களும் பெண்களும் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருந்தார்கள். வெங்கடப்பா துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். ராஜம்மா வரப்பில் வந்து நின்று, "அண்ணா, வா" என்றார். அந்த அளவு தெலுங்கு எனக்கும் புரிந்தது.

வந்தவர்களில் ஒருவரிடமும் மண்வெட்டி இல்லை. எல்லோர் கையிலும் கதிர் அரிவாள் இருந்தது.